மூடுவிழாவுக்கு வாங்கிய சமோசா

“நம்ம தொழில்முனைவுத் திட்டம் வளர்ந்த வெற்றிக் கதையைப் புது ஆசிரியர்களுக்குச் சொல்லுங்க மேடம்” என்று வாட்ஸப்பில் கேட்டிருக்கிறீர்கள். கேட்டவர் யாரோ, நல்ல பிள்ளை. கைகூப்பு, பூங்கொத்து எல்லாம் போட்டிருக்கிறார். ஆனால் வெற்றிக் கதை சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. பணி நீட்டிப்பு வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்தபோது முழங்கால் வலியைக் காரணமாகச் சொன்னேன். அது பாதிதான் உண்மை.

மேடைக்கு வரமாட்டேன். மயிலாப்பூரிலிருந்து பறக்கும் ரயிலைப் பிடித்து, தரமணியில் அந்தப் படிகளை எல்லாம் இறங்கி வந்து, மைக் முன்னால் நின்று சிரிக்க இனித் தெம்பில்லை. எழுதித் தருகிறேன். பொறுமை இருந்தால் படியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் திட்டத்தை யாரும் ஆசைப்பட்டு ஆரம்பிக்கவில்லை. மற்ற பல்கலைக்கழகங்களில் இருக்கிறது, நமக்கும் ஒன்று வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. யார் தலையில் கட்டுவது? வகுப்பு குறைவாக இருக்கிறவர்கள் தலையில். அப்படித்தான் கணக்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நான் மாட்டினேன். எனக்கு மேலே ஒரு துறைத்தலைவர். அவரும் மாட்டிக்கொண்டவர்தான். வாழ்க்கையில் ஒரு பெட்டிக்கடைகூட நடத்தாத இரண்டு பேர், பிள்ளைகளுக்குக் கம்பெனி தொடங்கச் சொல்லிக்கொடுத்தோம். சிரிப்பு வருகிறதா? எங்களுக்கும் வந்தது.

ஆனாலும் பிள்ளைகள் தொடங்கினார்கள். திறப்புவிழாக்களுக்குப் போய்ப் போய் என் பட்டுப்புடவைகள் நைந்தன. குத்துவிளக்கு, ரிப்பன், கேசரி, குரூப் போட்டோ. கொஞ்ச காலம் கழித்து அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். போனை எடுக்கமாட்டார்கள். அடையாறு டெப்போவில் என்னைப் பார்த்தால் சட்டென்று ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிவிடுவார்கள், அது எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல். கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று நாங்களே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஷமீமும் அப்படித்தான் காணாமல் போயிருப்பாள். இன்று உங்களுக்கெல்லாம் ஒருங்கிணைப்பாளராக இருக்கும் அதே ஷமீம். அப்போது படிப்பை முடித்த சூட்டில், ராயப்பேட்டையில் அவள் வீட்டுக்குக் கீழேயே ஒரு கடை எடுத்து, பள்ளிச் சீருடை தைத்து வீட்டுக்கே அனுப்பும் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடங்களே மொத்த வியாபாரிகளிடம் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்ததும் அவளிடம் வர ஆளில்லை. ஒரு நாள் மத்தியானம் துறைத்தலைவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“மேடம், கிளம்புங்க. ஷமீம் இன்னிக்குக் கடைய மூடுறா.”

“அதுக்கு நாம எதுக்கு சார்? அந்தப் பொண்ணே கூசிப்போய் நிக்கும். நாம வேற போய் நிக்கணுமா?”

“தொறந்தப்போ போனோமில்ல? கேசரி தின்னோமில்ல? அப்ப மூடும்போதும் போகணும்.”

எனக்கு எரிச்சல்தான். வெயிலில் போனோம். அவளோடு படித்த சிலரையும் அவர் போன் போட்டு வரவழைத்திருந்தார். கடை வாசலில் எங்களைப் பார்த்ததும் ஷமீமின் முகம் வெளுத்துப்போயிற்று. அவளுடைய அத்தாவுக்கு எங்களை வாங்க என்பதா வேண்டாம் என்பதா என்று புரியவில்லை. கடைசியில் தெருமுனைக் கடையிலிருந்து வெங்காயச் சமோசாவும் டீயும் வரவழைத்தார். துறைத்தலைவர் அங்கே நின்றபடியே சட்டம் போட்டார். ஏன் மூடினாய் என்று யாரும் கேட்கக்கூடாது. யாரும் யோசனை சொல்லக்கூடாது. எல்லாரும் சாப்பிட வேண்டும். ஆளுக்கொரு சாமானைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும். ஷட்டரை அவள்தான் இறக்க வேண்டும். திறந்த அன்றைக்கு எவ்வளவு கைதட்டினோமோ அவ்வளவு கைதட்ட வேண்டும்.

ஷமீம் அழுதாள். அழுதுகொண்டே சமோசா தின்றாள். ஷட்டர் இறங்கிக் கைதட்டல் கேட்டதும், எதிர் வரிசையில் இருந்த பழக்கடைக்காரர் எதற்கு என்று தெரியாமலே தானும் தட்டினார். கிளம்பும்போது துறைத்தலைவர் அவளிடம், “சனிக்கிழமை கிளாசுக்கு வாம்மா, பசங்ககிட்ட பேசணும்” என்றார்.

“நானா சார்? நான் என்னத்தப் பேசுறது?”

“ஷட்டர எறக்கினியே, அதப் பேசு.”

அந்த வகுப்பில் ஒரு வாய்க்கொழுப்பு பிடித்த மாணவன் எழுந்து, “நீங்களே தோத்துட்டு வந்திருக்கீங்க, எங்களுக்கு என்ன சொல்லித் தரப்போறீங்க?” என்று கேட்டுவிட்டான். எனக்குப் பகீரென்றது. ஷமீம் அசரவில்லை. “நான் தோத்த எடத்துல நீ தோக்காம இருக்க வழி சொல்றேன். அப்புறம் நீ புதுசா வேற எடத்துல தோத்துக்கோ” என்றாள். வகுப்பே மேஜையைத் தட்டியது. அடுத்த சனிக்கிழமையும் அவளை வரச் சொன்னோம். அதற்கடுத்த ஆண்டு அவள் எங்களில் ஒருத்தி ஆகிவிட்டாள்.

திட்டம் எப்படி வளர்ந்தது என்று கேட்டீர்களே, இப்படித்தான். கம்பெனி ஓடிக்கொண்டிருக்கிறவர்களுக்கு நம் வகுப்புக்கு வர நேரம் இருக்காது. மூடியவர்களுக்குச் சனிக்கிழமை இருந்தது. யார் மூடினாலும் அதே சட்டத்தோடு மூடுவிழா வைத்தோம்; ஏற்கெனவே மூடியவர்கள் எல்லாரும் ஒவ்வொன்றுக்கும் வந்தார்கள். சமோசா மட்டும் எப்போதும் ராயப்பேட்டையில் அதே கடையிலிருந்துதான். அப்படி வந்து போனவர்களில் சிலர் வகுப்பெடுத்தார்கள், சிலர் வேறு கம்பெனி தொடங்கி நம் பிள்ளைகளுக்கே வேலை கொடுத்தார்கள். துறைத்தலைவர் ஓய்வு பெற்றுப் போனார். நாற்காலி எனக்கு வந்தது.

இனி கார்த்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன்.

கார்த்தியும் ராயப்பேட்டைப் பையன்தான். ஏசி, வாஷிங் மெஷின், மிக்ஸி என்று எது பழுதானாலும் வீட்டுக்கு ஆள் அனுப்பும் கம்பெனி. தி. நகரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஆரம்பித்தது, பிடித்துக்கொண்டது; தரமணியில் பெரிய அலுவலகமே எடுத்தான். ஊரெல்லாம் அவனுடைய மெக்கானிக்குகள் நீலச் சட்டையில் சுற்றினார்கள். நம் விளம்பரப் பிரிவுக்கு அது போதாதா? கைகட்டிச் சிரிக்கும் கார்த்தியை ஆளுயரத்துக்கு மேல் ப்ளெக்ஸ் அடித்து வாசலில் கட்டினார்கள். ஆண்டு தவறாமல் சேர்க்கை சமயத்தில் புதுசாக அடித்தார்கள். பெற்றோர் கூட்டமா, கூப்பிடு கார்த்தியை. மந்திரி வருகிறாரா, கூப்பிடு கார்த்தியை. அவனும் சளைக்காமல் வந்தான். ஒருமுறை வாசலில் நின்று மேலே பார்த்து, “இன்னா மேடம், என் மூஞ்சி என்னவிடப் பெருசா கீது” என்றான். எல்லாரும் சிரித்தோம்.

பிறகு பெரிய பெரிய கம்பெனிகள் அதே தொழிலுக்கு வந்தன. நீலச் சட்டைகள் தெருவில் குறைந்தன. கார்த்தி தரமணி அலுவலகத்தைக் காலி செய்து பாலவாக்கத்தில் ஒரு வீட்டை எடுத்து அங்கிருந்து நடத்துவதாகக் கேள்விப்பட்டோம். “செலவைக் குறைக்கிறான், புத்திசாலி” என்று பேசிக்கொண்டோம். ப்ளெக்ஸில் இருக்கிறவன் கம்பெனியை மூடுவான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில் புதிய பதிவாளர் வந்தார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். திட்டம் தேவையா, மூடிவிடலாமா என்று பார்க்க வெளியிலிருந்து ஒரு குழு வரப்போகிறது என்றார். “உங்க பழைய மாணவர்கள்ல கம்பெனி ஓடுறவங்கள மட்டும் வரச் சொல்லுங்க மேடம். மூடினவங்க யாரும் அன்னிக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம். அந்தக் கார்த்தி பேசட்டும், அது போதும்.”

“சார், சனிக்கிழமை கிளாஸ் எடுக்கிறதே மூடினவங்கதான்.”

“அது குழுவுக்குத் தெரிய வேண்டாம்.”

நான் வாதாடினேன். அவர் கேட்கவில்லை. எனக்கு ஓய்வு பெற அதிக காலம் இல்லை. எனக்குப் பின்னால் ஷமீமுக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் வேலை நிலைக்க வேண்டும் என்றால் அன்றைய தினம் ஒழுங்காக நடக்க வேண்டும். ஷமீம் மட்டும் மூடியவர்கள் எல்லாரையும் வளாகத்துக்கு வெளியே டீக்கடையில் வந்து இருக்கச் சொல்லியிருந்தாள். “கூப்பிட்டா வரட்டும், கூப்பிடலன்னா டீ குடிச்சிட்டுப் போகட்டும் மேடம்” என்றாள்.

அன்று காலை குழு வந்தது. பூங்கொத்து கொடுத்தாயிற்று. முந்திரி, பிஸ்கட் வைத்தாயிற்று. கார்த்தியைக் காணோம். போன் அணைந்திருந்தது. பதிவாளர் என்னைப் பார்க்கும் ஒவ்வொரு பார்வையிலும் ஒரு கேள்வி. நான் நடைபாதைக்கு வந்து மறுபடி மறுபடி அழைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஷமீம் சாதாரணமாகச் சொன்னாள்.

“நேத்துதான் என்கிட்ட பேசினாரு மேடம். ஒண்ணும் அவசரம் இல்ல. நம்ம மூடுவிழாவுக்கு எந்தக் கடையில சமோசா வாங்குவோம், அதே கடை இன்னும் இருக்கான்னு கேட்டாரு.”

“யாரு மூடுறாங்களாம்?”

“நானும் அதத்தான் கேட்டேன். சிரிச்சிட்டு வெச்சிட்டாரு.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே புரிந்துவிட்டது. மூடுவது கார்த்தியேதான். உள்ளே பதிவாளர் மைக்கைத் தட்டிச் சரிபார்க்கும் சத்தம் கேட்டது.

நம் வேலையில் கஷ்டம் எது என்று கேட்டால் நான் இந்த நிமிடத்தைத்தான் சொல்வேன். உள்ளே திட்டம், அதில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களின் பிழைப்பு. வெளியே எங்கேயோ ஒருவன் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். யோசிக்க நேரம் கிடையாது. அப்படிப்பட்ட நேரத்தில் பெரிதாக யோசிக்கவும் வராது. எனக்கு வந்ததெல்லாம் ஒரே ஞாபகம்தான், பாலவாக்கத்தில் அவன் எடுத்திருந்த வீடு கடலுக்குப் போகும் தெருவில் இருக்கிறது என்று யாரோ சொன்னது.

“நீங்க போங்க மேடம்” என்றாள் ஷமீம். “இத நான் பாத்துக்கறேன்.”

“என்னத்தடி பாத்துப்பே? அவர் உன்னைப் பேசவே விடமாட்டார்.”

“விடலன்னா நானும் கெளம்பி வரேன். போங்க.”

ஆட்டோ பிடித்தேன். திருவான்மியூர் சிக்னலில் நெரிசல். “சீக்கிரம் போப்பா” என்று நான் சொல்லிக்கொண்டே இருந்ததில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, “இன்னாம்மா, ஆஸ்பத்திரி கேஸா?” என்றார். “தெரியலப்பா” என்றேன். அதற்குப் பிறகு அவர் சந்து பொந்தெல்லாம் புகுந்து ஓட்டினார். அவ்வளவு பயந்து நான் எந்தப் பயணமும் போனதில்லை. வேண்டாத தெய்வமில்லை.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. ஹாலில் ஒரு மேஜையைத் தவிர எல்லாவற்றையும் காலி செய்திருந்தான். சுவரோரம் நீலச் சட்டைகள் மடித்து அடுக்கியிருந்தன. மேஜையில் ஒரு பெரிய பிளாஸ்க், வரிசையாகக் காகிதக் கப்புகள், எண்ணெய் ஊறிய பொட்டலம். அவ்வளவு கப்புகள். நம் ஆட்கள் எல்லாருக்கும் எடுத்து வைத்திருக்கிறான். ஒருவரையும் கூப்பிடவில்லை.

கார்த்தி தரையில் உட்கார்ந்திருந்தான். நம் கூட்டத்துக்காக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பேண்ட் முழங்காலுக்கு மேல் வரை நனைந்து மணல் ஒட்டியிருந்தது. நான் பார்த்ததை அவனும் பார்த்தான். நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை.

“மேடம், மீட்டிங்கு?” என்றான்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. “மீட்டிங்காவது மண்ணாவது! ஏன்டா, ராயப்பேட்டைக்குப் போய்ச் சமோசா வாங்கத் தெரியுது, ஒரு போன் போடத் தெரியல? எல்லாம் ஆறி விறைச்சுப்போச்சு பார். யாருக்குடா இத்தனை கப்பு?”

“கூப்டலாம்னுதான் வாங்கினேன் மேடம். ஒவ்வொருத்தன் நம்பரையும் எடுத்துப் பாத்தேன். கூப்ட்டு இன்னான்னு சொல்றது? அவங்கல்லாம் மூடலாம் மேடம். நான் எப்டி மூடுறது? வாசல்ல அம்மாம் பெருசா சிரிச்சிக்கினு கீறனே, அந்த மூஞ்சிய இன்னா பண்றது?”

நான் தரையில் உட்கார்ந்தேன். என் முழங்காலுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆறிப்போன சமோசா ஒன்றை எடுத்துத் தின்றேன். ஒன்றை அவனிடம் நீட்டினேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். நீங்களாக இருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பீர்கள். இன்னும் வயசு இருக்கிறது, மறுபடி தொடங்கலாம் என்றெல்லாம். சொல்லாதீர்கள். ஏன் என்று கேட்காதே, யோசனை சொல்லாதே என்று அந்த மனுஷர் ராயப்பேட்டையில் போட்ட சட்டத்துக்கு அன்றுதான் எனக்கு அர்த்தம் தெரிந்தது.

போன் அடித்தது. பதிவாளர். “எங்க இருக்கீங்க மேடம்? குழு காத்திருக்கு. அந்தக் கார்த்தி எங்க?”

“எதிர்லதான் இருக்கார் சார். கம்பெனிய மூடிட்டு இருக்கோம்.”

“என்ன விளையாட்டு இது? இப்பவா?”

“ஆமா சார். இன்னிக்குத்தான் நாள் குறிச்சிருக்கார்.”

அவர் கத்தினார். நான் போனை வைத்துவிட்டேன். கார்த்தி முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான். “போச்சு மேடம், உங்களத் தூக்கிடுவாங்க” என்றான்.

“தூக்கட்டும். எனக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க ஆள் வேணும்” என்றேன். அதற்கு லேசாகச் சிரித்தான். பிறகுதான் அழுதான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் வண்டிச் சத்தம். பைக்குகள், இரண்டு ஆட்டோ, யாருடைய காரோ. ஷமீம் முன்னால் வந்தாள். பின்னாலேயே டீக்கடையில் உட்காரவைத்திருந்த அத்தனை பேரும். அங்கே என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. “எத்தனை கம்பெனி ஓடுகிறது?” என்று குழுத்தலைவி கேட்டாராம். ஷமீம் எழுந்து, “கொஞ்சம்தான் மேடம். மூடினதுதான் அதிகம். இன்னிக்கும் ஒண்ணு மூடுது, மன்னிக்கணும், நாங்க போயாகணும்” என்று சொல்லிவிட்டு நடந்திருக்கிறாள். கம்பெனி ஓடுகிறவர்களும் பின்னாலேயே எழுந்து வந்துவிட்டார்கள். பதிவாளரும் முந்திரித் தட்டும் குழுவும் மட்டும் மிச்சம்.

கார்த்தி வாசலில் நின்றவர்களைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒருத்தன் பிளாஸ்கைத் திறந்தான், ஒருத்தி கப்புகளில் ஊற்றினாள். ஆறின சமோசா எல்லாம் தீர்ந்தது. நீலச் சட்டைகளை ஆளுக்கு ஒன்றாக வெளியே எடுத்துப்போனார்கள். ஷட்டர் இல்லாத வீடு. அதனால் கார்த்தி இரும்பு கேட்டை இழுத்துச் சாத்தினான். தாழ்ப்பாள் முதலில் மாட்டவில்லை, இரண்டாம் தடவை மாட்டியது. தட்டினோம் பாருங்கள், தெருக்கோடியில் கடலோரம் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். என் கை மறுநாளும் வலித்தது.

திட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூடவில்லை. கொண்டாடவும் இல்லை. நிர்வாகவியல் துறையோடு சேர்த்துவிட்டார்கள். இருந்த பெரிய அறையை எடுத்துக்கொண்டு, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கொட்டகையைக் கொடுத்தார்கள். அங்கேதான் இப்போது நீங்கள் சனிக்கிழமைகளில் வகுப்பெடுக்கிறீர்கள். பழைய மாணவர்கள் யாரும் வருவதை நிறுத்தவில்லை, அதனால் திட்டமும் நிற்கவில்லை. நான் களைத்துப்போனேன், அவ்வளவுதான். அந்த ஆட்டோவில் போன பயம் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. திருவான்மியூர் சிக்னல் வந்தால் இப்போதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

உங்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். எந்தப் பிள்ளையையும் வாசலில் கட்டாதீர்கள். கட்டினால் அவன் இறங்க வழியில்லாமல் போய்விடும்.

அந்த ப்ளெக்ஸை அவிழ்த்தது கார்த்தியேதான், நாங்கள் கொட்டகைக்கு மாறிய முதல் சனிக்கிழமை. கிழிக்கப் போகிறான் என்று நினைத்தேன். மடித்துக் கொட்டகைக்குத் தூக்கிப்போனான். கூரை ஒழுகும் இடத்தில் விரித்து நாலு மூலையிலும் கயிறு கட்டினான். கொட்டகையின் கடைசி பெஞ்சுக்கு நேர் மேலே நிமிர்ந்து பாருங்கள், வெயிலில் வெளுத்துப்போய் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும். கீழே அந்த பெஞ்சில் உட்கார்ந்து மாணவர்களோடு பேசுகிறவன்தான் கார்த்தி. இப்போது வேறொருவரிடம் வேலை பார்க்கிறான், சனிக்கிழமை விடுப்பு வாங்கிக்கொள்கிறான். அவனை மேடைக்குக் கூப்பிடாதீர்கள்.

நான் கடைசியாக வந்த அன்று நல்ல மழை. கொட்டகையில் மற்ற இடமெல்லாம் சொட்டியது, அந்த பெஞ்சு மட்டும் காய்ந்திருந்தது. கார்த்தி எனக்கு அங்கே இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து, மேலே பார்த்துச் சொன்னான்:

“இப்பதான் மேடம், இந்த மூஞ்சியால ஒரு உபயோகம் கீது.”